ஒரே ஐபீஸ், மூன்று தொலைநோக்கி: ஓரத்து விண்மீன் ஏன் பறவையாகிறது?

கார்த்திகைமீன்

எல்லோருக்கும் வணக்கம். கருவிகள் மூன்று: 200 மி.மீ. நியூட்டோனியன் எனும் ஆடித் தொலைநோக்கி (குவியத்தூரம் 1000; அதை விட்டத்தால் வகுத்த எஃப் எண் 5, அதாவது எஃப்/5), 127 மி.மீ. மக்ஸுடோவ், சுருக்கமாக மேக், முன்னால் வில்லையும் பின்னால் ஆடியும் உள்ளது (1500, ஏறக்குறைய எஃப்/12), 80 மி.மீ. எஃப்/5 அக்ரோமாட் எனும் வில்லைத் தொலைநோக்கி (400). ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைத் தொகுதி): 2 அங்குலக் குழாய், 30 மி.மீ. குவியத்தூரம், 68 டிகிரி தோற்றப்புலம் (கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம்) ஒன்று, சாதாரண நான்கு கண்ணாடி வகையான பிளாசல் 25, 10. கூடவே 1.25 அங்குல 2 மடங்கு பார்லோ (ஐபீஸுக்கு முன் செருகி உருப்பெருக்கத்தைக் கூட்டும் வில்லை).

இந்த 30 மி.மீ. மூன்றிலும் மூன்று விதமாக நடந்துகொள்கிறது. நியூட்டோனியனில் நடுவில் ஊசிமுனை. பாதி தூரம் தாண்டியதும் விண்மீன்கள் சிறகு விரித்த பறவை ஆகிவிடுகின்றன. மேக்கில் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் 2 அங்குல டயகனலோடு) கிட்டத்தட்ட ஓரம் வரை புள்ளிதான். அக்ரோமாட்டில் ஓரம் மங்கல், ஆனால் ஃபோகஸைக் கொஞ்சம் திருப்பினால் ஓரம் தெளிந்து நடு மங்குகிறது. கொலிமேஷன் (ஆடிகளை ஒரே அச்சில் நேர்ப்படுத்துவது) சரிபார்த்தாயிற்று.

கோளாறு ஐபீஸிலா, தொலைநோக்கியிலா? மூன்றுக்கும் பொதுவாகப் புதிதாக எதை வாங்கலாம்?

ஒளிக்கூம்பு

மூன்று கருவியில் மூன்று வேறு கோளாறு. ஒரே ஐபீஸைக் குற்றம் சொல்லி மூன்றையும் தீர்க்க முடியாது.

ஐபீஸ் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை எஃப் எண்தான் தீர்மானிக்கிறது. ஒரு விண்மீனிலிருந்து வரும் ஒளி கூம்பாகக் குவிந்து, ஐபீஸைக் கடந்து, இணைகற்றையாகக் கண்ணுக்குள் போகிறது. அந்தக் கற்றையின் விட்டம்தான் எக்சிட் பியூபில். ஐபீஸின் குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் கிடைக்கும். உங்கள் 30 மி.மீ. எஃப்/5-ல் 6 மி.மீ. தருகிறது, எஃப்/12-ல் 2.5 மி.மீ. அதாவது நியூட்டோனியனில் ஒவ்வொரு விண்மீனின் கற்றையும் ஐபீஸ் கண்ணாடியில் அகலமான பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. மேக்கில் அதில் பாதிகூட இல்லை. ஓரத்தில் சாய்ந்து வரும் கற்றை எவ்வளவு அகலமோ, அந்த அளவுக்கு ஐபீஸின் அஸ்டிக்மாட்டிசம் (ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் ஒளி வெவ்வேறு தூரத்தில் குவியும் குறை) வெளியே தெரியும். மேக்கில் அதே குறை இருக்கிறது. கற்றை மெலிந்திருப்பதால் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை, அவ்வளவுதான்.

எந்தக் கோளாறு எது என்று பிரிக்க இப்படிச் செய்யுங்கள். மூன்றாம் ஒளித்தர விண்மீன் ஒன்றை நடுவில் வைத்துக் கூர்மையாக ஃபோகஸ் செய்யுங்கள். ஃபோகஸரைத் தொடாமல் அதை ஓரத்துக்கு நகர்த்துங்கள். பிறகு மெல்ல உள்ளேயும் வெளியேயும் திருப்புங்கள்.

திரும்பப் புள்ளியாகிவிட்டால் புலவளைவு, அதாவது படம் தட்டையாக விழாமல் கிண்ணம்போல் வளைந்து விழுவது. ஒரு பக்கம் கோடாகி, மறுபக்கம் அதற்குச் செங்குத்தான கோடாகி, எங்கேயும் புள்ளியாகாவிட்டால் அஸ்டிக்மாட்டிசம். எப்படித் திருப்பினாலும் தலை நடுவைப் பார்க்க, வால் வெளிப்பக்கம் விசிறியாக விரிந்தே நின்றால் கோமா.

உங்கள் அக்ரோமாட்டுக்கு விடை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: புலவளைவு.

டாப்சன்தாசன்

எஃப்/5 நியூட்டோனியனில் ஓரம் கெட்டால் அது கோமாதான். பரவளைய ஆடியின் பிறவிக்குணம். கோமா கரெக்டர் (கோமாவைத் திருத்தும் வில்லைத் தொகுதி) ஒன்று போட்டால் முடிந்தது. ஐபீஸை மாற்றி என்ன ஆகப்போகிறது?

ஒளிக்கூம்பு

@டாப்சன்தாசன், கோமா இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'பறவை' என்று அவர் சொன்னதைக் கவனியுங்கள். தனிக் கோமாவுக்குச் சிறகு கிடையாது, வால் மட்டும்தான். சிறகு அஸ்டிக்மாட்டிசம் கொடுப்பது. நடு உடம்பு கோமா கொடுப்பது. இரண்டும் சேர்ந்தால்தான் கடற்பறவை.

கணக்கும் போட்டுவிடலாம். பரவளைய ஆடியின் கோமா நீளம் = 3 × அச்சிலிருந்து விலகிய கோணம் ÷ (16 × எஃப் எண்ணின் வர்க்கம்). இந்த ஐபீஸின் ஃபீல்டு ஸ்டாப் (புலத்தின் ஓரத்தை வரையறுக்கும் உள்வளையம்) ஏறக்குறைய 35 மி.மீ. என்றால் 1000 மி.மீ. குவியத்தூரத்தில் 2 டிகிரி புலம், ஓரம் 1 டிகிரி விலகல். 3 × 3600 ÷ 400 = 27 விகலை (ஒரு டிகிரி 3600 விகலை). 33 மடங்கு உருப்பெருக்கத்தில் கண்ணுக்கு அது 15 கலை (ஒரு கலை 60 விகலை). ஆனால் வெளிச்சத்தில் பெரும்பகுதி தலைப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு நீளத்திலேயே அடங்கிவிடும்; கண் பிடிப்பது 5 கலை அளவுதான். தெரியும், தொல்லையில்லை. இதே இடத்தில் எளிய 5 கண்ணாடி அகலப்புல ஐபீஸ் எஃப்/5-ல் தரும் அஸ்டிக்மாட்டிசம் இதைவிடப் பெரிது. கரெக்டர் அதைத் தொடவே தொடாது. போட்ட பிறகும் சிறகு அப்படியே இருக்கும், உடம்பு மட்டும் போயிருக்கும்.

இன்னொன்று: கோமா எந்த ஐபீஸைப் போட்டாலும் குவியதளத்தில் அதே அளவுதான். ஓரங்கள் நன்கு திருத்தப்பட்ட ஐபீஸ் ஒன்றை மாற்றிப் பாருங்கள். குறை எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அதுதான் ஆடியின் கணக்கு.

டாப்சன்தாசன்

சரி, ஏற்கிறேன். எஃப்/4-க்கு வந்தால்?

ஒளிக்கூம்பு

அங்கே நீங்கள் சொன்னதே சரி. அதே கோணத்தில் கோமா 1.56 மடங்கு. கோமா விளிம்பு விளைவுக்குள் (ஒளி அலை என்பதால் தவிர்க்க முடியாத மங்கலுக்குள்) அடங்கி நிற்கும் வட்டம் எஃப் எண்ணின் கனத்தோடு மாறுவதால், எஃப்/5-ல் சுமார் 2.8 மி.மீ. விட்டமாக இருந்தது எஃப்/4-ல் 1.4 மி.மீ. ஆகிவிடும். கொலிமேஷன் கொஞ்சம் தவறினாலே நடுவில் வைத்த கோள் அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். என் கருத்து: எஃப்/5-ல் கரெக்டர் விருப்பம், எஃப்/4.5-க்குக் கீழே அகலப்புலம் பார்ப்பதென்றால் தேவை.

மூன்றாம்பிறை

கரெக்டர் போடுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இடைவெளியில். கரெக்டரின் கண்ணாடியிலிருந்து ஐபீஸின் ஃபீல்டு ஸ்டாப் வரை உள்ள தூரம் அந்தக் கரெக்டருக்குச் சொன்ன அளவில் இருக்க வேண்டும். ஐபீஸின் தோள்பட்டை (குழாயில் அமரும் விளிம்பு) எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது. ஒரு ஐபீஸில் ஃபீல்டு ஸ்டாப் தோளுக்கு 10 மி.மீ. கீழே, இன்னொன்றில் 5 மி.மீ. மேலே என்று ஆளுக்கொரு இடத்தில் இருக்கும். 'இந்த ஐபீஸில் கரெக்டர் வேலை செய்கிறது, அதில் செய்யவில்லை' என்ற புகார் எல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

சரிசெய்ய வழி: சரியாக வேலை செய்யும் ஐபீஸ் ஒன்றைப் போட்டு ஃபோகஸ் செய்து பூட்டுங்கள். அடுத்த ஐபீஸைப் போட்டு, ஃபோகஸரைத் தொடாமல் ஐபீஸை மட்டும் குழாயில் மேலே இழுத்துக் கூர்மை வரும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஒரு நிறுத்து வளையத்தை ஐபீஸ் கழுத்தில் முறுக்கிவிட்டால், எல்லா ஐபீஸும் ஒரே ஃபோகஸில் நிற்கும், கரெக்டர் இடைவெளியும் தானாகச் சரியாகும். இழுத்து வராமல் இன்னும் உள்ளே போகக் கேட்கும் ஐபீஸ் இருந்தால் அதையே அடிப்படையாக வைத்து மற்றவற்றை உயர்த்துங்கள். இடைவெளியை அதற்கேற்ப ஒரு முறை சரிசெய்துகொண்டால் போதும்.

சில கரெக்டர்கள் குவியத்தூரத்தையும் 1.1 முதல் 1.15 மடங்கு நீட்டும். 1.15 என்றால் உங்கள் 1000 மி.மீ. 1150 ஆகும், 30 மி.மீ. 38 மடங்கு தரும், எக்சிட் பியூபில் 5.2.

கார்த்திகைமீன்

நன்றி. பார்லோ போட்டால் கூம்பு எஃப்/10 ஆகிவிடும் என்று படித்தேன். அப்படியென்றால் மலிவான பிளாசலையே பார்லோவோடு வைத்துக்கொண்டால் நியூட்டோனியன் பிரச்சினை தீராதா?

மூன்றாம்பிறை

பாதி தீரும். பார்லோவுக்குப் பிறகு ஐபீஸ் சந்திப்பது எஃப்/10 கூம்பு, அதனால் ஐபீஸின் சொந்த அஸ்டிக்மாட்டிசம் அடங்கிவிடும். 10 மி.மீ. பிளாசலை நேரே எஃப்/5-ல் போட்டால் ஓரம் இழுக்கும். பார்லோவோடு 5 மி.மீ.-க்குச் சமமாகும்போது ஓரம் வரை சுத்தம். ஆனால் ஆடியின் கோமா பார்லோவுக்கு முன்பே உருவாகிவிட்டது, அது படத்தோடு சேர்ந்து பெரிதாகும். புலம் சுருங்கி ஓரம் நடுவை ஒட்டி வந்துவிடுவதால் கண்ணில் படாது.

கண் வசதி இன்னொரு காரணம். பிளாசலில் கண்ணை வைக்க வேண்டிய தூரம் அதன் குவியத்தூரத்தில் 70 முதல் 80 சதவீதம். 10 மி.மீ.-க்கு 7 மி.மீ. 5 மி.மீ. பிளாசல் என்றால் 3.5 மி.மீ. கண்ணிமை கண்ணாடியில் உரசி, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஒரு எண்ணெய்க்கோடு. 10-ஐப் பார்லோவில் போட்டால் 200 மடங்கும் கிடைக்கும், 7 மி.மீ.-க்குக் குறையாத இடைவெளியும் மிஞ்சும்.

ஆனால் 25 அல்லது 32 மி.மீ. பிளாசலைப் பார்லோவில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கண் இடைவெளி தேவைக்கு மேல் நீண்டு, கண்ணை எங்கே வைப்பது என்று தேட வேண்டிவரும். 32-ல் ஓரம் இருட்டவும் செய்யும்.

சுவாதி_நோக்கி

பார்லோ பற்றி ஒரு கூடுதல் விவரம். அதன் மேல் '2 மடங்கு' என்று பொறித்திருப்பது ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்கு மட்டும். உருப்பெருக்கம் = 1 + (பார்லோ கண்ணாடியிலிருந்து படம் விழும் இடத்துக்குத் தூரம் ÷ பார்லோவின் எதிர்க் குவியத்தூரம்). தூரம் கூடினால் மடங்கும் கூடும். அக்ரோமாட்டிலோ மேக்கிலோ டயகனலுக்கு முன்னால் பார்லோவைச் செருகினால் 2 மடங்கு ஏறக்குறைய 3 ஆகிவிடும். கண்ணாடி உள்ள முனையைக் கழற்றி ஐபீஸின் வடிகட்டி மரையிலேயே முறுக்க முடிந்தால் ஏறக்குறைய 1.5. ஒரே பார்லோவில் மூன்று வேலை.

மேக்கில் டயகனலுக்கு முன்னால் போடும் யோசனை மட்டும் வேண்டாம். 1500 மி.மீ. ஏற்கெனவே நீளம், அதை 4500 ஆக்கி எதைப் பார்ப்பது?

கார்த்திகைமீன்

அடுத்த கேள்வி. அகலமான புலத்துக்கு 2 அங்குல 40 மி.மீ. வாங்கினால் மூன்றுக்கும் ஆகுமா?

ஒளிக்கூம்பு

மூன்றிலும் வெவ்வேறு பதில், இதுவும்.

நியூட்டோனியனில் எக்சிட் பியூபில் 8 மி.மீ. இருட்டில் கண்மணி இளம்வயதில் 7 வரை விரியலாம். வயது கூடக்கூட 5, 6-ல் நின்றுவிடும். 6 என்று வையுங்கள். 8 மி.மீ. கற்றையில் நடு 6 மட்டும் உள்ளே போகிறது. 200 மி.மீ. ஆடி 150 ஆகிவிட்டது. அதோடு முடியவில்லை. நடுவில் உள்ள துணையாடி 50 மி.மீ. என்றால் முன்பு 25 சதவீத மறைப்பு. இப்போது 150-க்கு 50, அதாவது 33 சதவீதம். வெட்டுப்படுவது வெளிவிளிம்பு ஒளிதான், நடுநிழல் முழுசாகக் கண்ணுக்குள் வருகிறது. நிலவைப் பார்த்தால் கண்மணி சுருங்கி அந்த நிழல் நடுவில் கறுப்புத் திட்டாக மிதக்கும்.

அக்ரோமாட்டிலும் 8 மி.மீ.-தான், ஆனால் நடுநிழல் கிடையாது. 80 மி.மீ. கருவி 60 மி.மீ. கருவியாகச் செயல்படும், அதற்குமேல் கெடுதி இல்லை. 46 மி.மீ. ஃபீல்டு ஸ்டாப் என்றால் 6.6 டிகிரி புலம். பால்வழியை மேய்வதற்கு அந்த இழப்பு கட்டுப்படியாகும் என்றே சொல்வேன். நகர வெளிச்சத்தில் வேண்டாம், வானம் சாம்பலாகத் தெரியும்.

மேக்கில் 3.4 மி.மீ., கண்ணுக்கு அருமையான அளவு. ஆனால் அங்கே தடை வேறு இடத்தில்.

வளைந்தகதிர்

தடை ஆடியின் நடுத்துளையில். மேக்கில் ஒளி முதன்மை ஆடியின் துளை வழியாக, ஒரு குழாய்க்குள் புகுந்து பின்னால் வருகிறது. 127 மி.மீ. ரகத்தில் அந்த வழி 1.25 அங்குல ஐபீஸின் உச்ச ஃபீல்டு ஸ்டாப்பான 27 மி.மீ.-யை ஒட்டித்தான் இருக்கும். அதற்குப் பின்னால் 46 மி.மீ. வாயுள்ள ஐபீஸ் போட்டாலும் ஓரம் இருட்டு வட்டமாகத்தான் வரும். உண்மையான புலம் = ஃபீல்டு ஸ்டாப் ÷ குவியத்தூரம் × 57.3. 27 ÷ 1500 × 57.3 = 1.03 டிகிரி. இந்த மேக்கின் புலம் இவ்வளவுதான் என்று எழுதிவைத்துவிடலாம்.

1.25 அங்குல 40 மி.மீ. பிளாசல் வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அதன் தோற்றப்புலம் 43 டிகிரிதான், 32 மி.மீ. பிளாசலின் 50 டிகிரி, 24 மி.மீ. ஐபீஸின் 68 டிகிரி எல்லாமே அதே 27 மி.மீ. துளையில் முட்டி நிற்பவை. வானத்தில் மூன்றும் காட்டும் இடம் ஒன்றே. 40-ல் குழாய் வழியாக எட்டிப்பார்ப்பது போல் இருக்கும். மேக்கில் நெபுலா வடிகட்டி போடுகிறவர்களுக்கு மட்டும் அந்தக் கூடுதல் பிரகாசம் பயன்படும்.

சுவாதி_நோக்கி

மேக்கைப் போலவே துளையுள்ள ஆடி கொண்ட ஷ்மிட்-காசெக்ரெய்ன் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை, எண்கள் வேறு. 203 மி.மீ. எஃப்/10 (2032) ரகத்தில் உள்குழாய் சுமார் 37 மி.மீ. அதனால் 46 மி.மீ. ஃபீல்டு ஸ்டாப் ஐபீஸில் ஓரம் கொஞ்சம் மங்கும். கண்ணால் பார்க்கும்போது பலருக்குத் தெரியவே தெரியாது.

அகலப்புலத்துக்கு அங்கே இரண்டு வழி. ஒன்று 2 அங்குல டயகனல், 40 மி.மீ. 68 டிகிரி: 51 மடங்கு, 1.3 டிகிரி, எக்சிட் பியூபில் 4.0. இன்னொன்று எஃப்/6.3 ரெட்யூசர் (குவியத்தூரத்தைக் குறைக்கும் வில்லை), 1.25 அங்குல டயகனல், 24 மி.மீ. 68 டிகிரி: 53 மடங்கு, 1.2 டிகிரி, 3.8. பார்த்தீர்களா, ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறது. ரெட்யூசர் அந்தக் கருவியின் கடும் புலவளைவையும் சமன்செய்யும் என்பது அதன் பக்கம் ஒரு மதிப்பெண். இரண்டையும் ஒன்றாகப் போடுவதுதான் தவறு: ரெட்யூசரும் 2 அங்குல ஐபீஸும் சேர்ந்தால் குழாயின் நிழல் அப்பட்டமாகத் தெரியும்.

இந்த ரகத்தில் ஃபோகஸ் செய்வது முதன்மை ஆடியை நகர்த்தி. நீளமான 2 அங்குல டயகனல் போட்டால் படம் இன்னும் பின்னால் விழ வேண்டும், ஆடி முன்னே நகரும், குவியத்தூரம் 2032-ஐத் தாண்டிவிடும். மேக்கும் அப்படியே. கணக்கிட்ட மடங்குக்கும் கண்ட மடங்குக்கும் சில சதவீதம் வித்தியாசம் வந்தால் குழம்ப வேண்டாம்.

கார்த்திகைமீன்

சோதனை முடிவு:

நியூட்டோனியன் + 30: உள்பக்கம் திருப்பினால் நீள்கோடு, வெளிப்பக்கம் திருப்பினால் அதற்குக் குறுக்கே கோடு. நடுவில் பறவை. நியூட்டோனியன் + 25 பிளாசல்: கடைசி ஓரத்தில் மட்டும் லேசான இழுப்பு. அக்ரோமாட் + 30: ஓரம் முழுசாகப் புள்ளியாகிறது, ஃபோகஸ் குமிழைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும். மேக் + 30: கூர்மை சரி, ஆனால் கடைசி ஐந்தில் ஒரு பங்கு இருட்டு. இதுவரை வானம் கறுப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்!

ஒளிக்கூம்பு

தெளிவு. நியூட்டோனியனில் ஐபீஸ், அக்ரோமாட்டில் கருவி, மேக்கில் குழாய்.

அக்ரோமாட்டின் புலவளைவு பற்றி: குட்டைக் குவியத்தூர ஒளிவிலகல் கருவிகளில் குவியப்பரப்பின் ஆரம் குவியத்தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 400 மி.மீ. கருவியில் அது மிக வளைந்த கிண்ணம். ஐபீஸுக்கும் சொந்தமாக ஒரு வளைவு உண்டு. இரண்டும் ஒத்துப்போனால் ஓரம் தெளிவு, எதிரெதிராக வளைந்தால் இரட்டிப்பு மங்கல். ஒரே ஐபீஸை ஒருவர் புகழ்வதும் இன்னொருவர் திட்டுவதும் இதனால்தான். இளம் கண் தானே குவியத்தை மாற்றி ஓரளவு சமாளித்துவிடும். நாற்பது தாண்டிய கண் சமாளிக்காது.

கைவசம் உள்ள வைத்தியம்: நடுவில் ஃபோகஸ் செய்யாதீர்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் உள்ள விண்மீனுக்கு ஃபோகஸ் செய்யுங்கள். நடுவும் ஓரமும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

புதியவானம்

இடையில் புகுகிறேன், மன்னிக்கவும். 2 அங்குல அகலப்புல ஐபீஸ் ஒன்று நியூட்டோனியனில் ஃபோகஸுக்கே வரவில்லை. ஃபோகஸர் முழுசாக உள்ளே போய் முட்டிவிடுகிறது. ஐபீஸ் பழுதா?

மூன்றாம்பிறை

பழுதில்லை. அதன் ஃபீல்டு ஸ்டாப் தோளுக்கு மேலே இருக்கிறது, அதனால் ஐபீஸ் இன்னும் உள்ளே போக வேண்டும்.

முதலில் 1.25-லிருந்து 2 அங்குலத்துக்கு மாற்றும் அடாப்டரோ நீட்டுக்குழாயோ இடையில் மறந்து கிடக்கிறதா பாருங்கள். பாதிப்பேருக்கு இதிலேயே முடிந்துவிடும். இல்லையென்றால் எவ்வளவு குறைகிறது என்று அளக்க வேண்டும். ஃபோகஸுக்கு வரும் ஐபீஸ் ஒன்றில் நிலவைக் கூர்மையாக்கி, ஃபோகஸர் குழாய் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டு ஐபீஸின் ஃபீல்டு ஸ்டாப்பும் தோளிலிருந்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசத்திலிருந்து நீட்டிய அளவைக் கழித்தால் வருவது குறை.

சில மி.மீ. என்றால் உயரம் குறைந்த அடாப்டர் போதும். 10 மி.மீ. என்றால் முதன்மை ஆடியை மேலே கொண்டுவரலாம்: மூன்று கொலிமேஷன் திருகுகளையும் சமமாகச் சுற்றி, தேவைப்பட்டால் நீளத் திருகும் விறைப்பான ஸ்பிரிங்கும் மாற்றி. எஃப்/5-ல் 10 மி.மீ. உயர்த்தினால் துணையாடி இருக்கும் இடத்தில் ஒளிக்கூம்பு 2 மி.மீ. அகலமாகும், துணையாடி அளவு எல்லையில் இருந்தால் ஆடியின் விளிம்பு வீணாகும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கொலிமேஷன் முதலிலிருந்து.

ஐபீஸ் இடத்தில் செருகும் இரட்டைக்கண் பார்வைக்கருவி 100 மி.மீ.-க்கு மேல் ஒளிப்பாதையை விழுங்கும். அதற்கு ஆடியை நகர்த்தி மாளாது, முன்னால் பார்லோதான்.

டாப்சன்தாசன்

எடையையும் சொல்லிவிடுகிறேன். பெரிய 2 அங்குல ஐபீஸ் சில ஒரு கிலோவை நெருங்கும். குழாயின் முன்முனையில் 200 கிராம் பிளாசலைக் கழற்றி அதைப் போட்டால் டாப்சோனியன் (எளிய தாங்கியில் நிற்கும் நியூட்டோனியன்) தலை குப்புறச் சாயும். பின்முனையில் காந்த எடை ஒட்டுங்கள். உயரத்தாங்கியை இறுக்கிச் சமாளித்தால் நகர்த்தும்போது வெட்டிவெட்டிப் போகும், கோளைத் தொடர முடியாது.

கார்த்திகைமீன்

சரி, இப்போது வாங்கும் பட்டியலுக்கு வருவோம். மூன்றுக்கும் பொதுவாக எவை?

வளைந்தகதிர்

மூன்றுக்கும் பொதுவான மடங்கு கிடையாது, பொதுவான ஐபீஸ் உண்டு. இப்படிப் பாருங்கள்.

24 மி.மீ. 68 டிகிரி, 1.25 அங்குலம், எஃப்/5-க்குத் திருத்தப்பட்ட வகை. நியூட்டோனியனில் 42 மடங்கு, 1.55 டிகிரி, எக்சிட் பியூபில் 4.8. மேக்கில் 62 மடங்கு, 1.03 டிகிரி (குழாயின் எல்லை வரை முழுசாக), 2.0. அக்ரோமாட்டில் 17 மடங்கு, 3.9 டிகிரி, 4.8. மூன்றிலும் வேலை செய்யும், இருட்டு வட்டம் இல்லை.

13 மி.மீ.: 77, 115, 31 மடங்கு (நியூட்டோனியன், மேக், அக்ரோமாட் வரிசையில்). நியூட்டோனியனில் எக்சிட் பியூபில் 2.6, விண்மீன் மண்டலங்களுக்கு நன்றாக இருக்கும் அளவு. மேக்கில் இதுவே நிலவுக்கும் கோளுக்கும் வந்துவிடும். 1980-களில் டெலிவியூ நிறுவனத்தின் நாக்லர் கொண்டுவந்த 82 டிகிரி வகையோ அதன் வழிவந்தவையோ எஃப்/5-ல் ஓரம் வரை நிற்கும்; உள்ளேயே எதிர்வில்லைத் தொகுதி இருப்பதால் பார்லோ செய்யும் உதவியை அதுவே செய்துகொள்ளும்.

8 மி.மீ.: 125, 187, 50. மேக்கின் உச்சம் பெரும்பாலான இரவுகளில் இங்கேதான்.

5 மி.மீ.: நியூட்டோனியனில் 200, கோள்களுக்கு. அக்ரோமாட்டில் 80 மடங்கு. எஃப்/5 அக்ரோமாட்டில் வியாழனைச் சுற்றி ஊதா வளையம் வந்துவிடும், அதற்குமேல் ஏற்றிப் பயனில்லை, எந்த ஐபீஸும் அந்த நிறப்பிறழ்ச்சியைத் தீர்க்காது. மேக்கில் 5-ஐப் போடாதீர்கள்: 300 மடங்கு, எக்சிட் பியூபில் 0.42. கண்ணுக்குள் மிதக்கும் தூசுகள்தான் தெளிவாகத் தெரியும்.

மேக்குக்கு மட்டும் என்றால் விலையுயர்ந்த அகலப்புலம் எதுவும் தேவையில்லை. எஃப்/12-ல் சாதாரண பிளாசலும், 1880-ல் ஜெர்மன் இயற்பியலாளர் அபே வடிவமைத்த ஆர்த்தோஸ்கோபிக்கும் ஓரம் வரை சுத்தமாக இருக்கும். நான்கே கண்ணாடி, சிதறொளி குறைவு. செலவை நியூட்டோனியனுக்கு வையுங்கள்.

சுவாதி_நோக்கி

அந்த 30-ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கார்த்திகைக் கூட்டம் ஏறக்குறைய 2 டிகிரி அகலம். 24-ல் நியூட்டோனியனுக்குள் முழுசாக அடங்காது, 30-ல் ஒட்டி அடங்கும். கூட்டத்தை நடுவில் வைத்தால் ஓரத்துப் பறவையை யார் பார்க்கப்போகிறார்கள்?

புதியவானம்

கண்ணாடி அணிபவர்கள் என்ன செய்வது? எனக்குச் சிலிண்டர் பவர் (கண்ணின் அஸ்டிக்மாட்டிசம்) உண்டு.

ஒளிக்கூம்பு

தூரப்பார்வை, கிட்டப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிடுங்கள், ஃபோகஸரே சரிசெய்துவிடும். சிலிண்டர் பவர் என்றால் எக்சிட் பியூபிலைப் பொறுத்தது. 1 மி.மீ.-க்குக் கீழே கண்மணியின் நடுச் சிறுபகுதி மட்டுமே பயன்படுவதால் பெரும்பாலோருக்குக் கண்ணாடி வேண்டாம். 2-க்கு மேலே போகப்போக விண்மீன் நீளும், கண்ணாடி தேவை, ஐபீஸில் 15 முதல் 20 மி.மீ. கண் இடைவெளியும் தேவை. அதாவது உங்கள் அகலப்புல ஐபீஸில்தான் கண் இடைவெளிக்குச் செலவழிக்க வேண்டும்.

ஐபீஸைக் குறை சொல்லுமுன் ஒன்று: நடுவிலுள்ள விண்மீனே கோடாகத் தெரிந்தால் தலையைச் சாய்த்துப் பாருங்கள். கோடும் கூடவே சாய்ந்தால் குறை கண்ணில். சாயவில்லையென்றால் ஐபீஸைக் குழாயில் கால் சுற்றுத் திருப்புங்கள். கோடு திரும்பினால் ஐபீஸ். இரண்டுக்கும் அசையவில்லையென்றால் ஆடியைப் பிடித்திருக்கும் கவ்விகளைத் தளர்த்துங்கள். கவ்விக்கும் ஆடிக்கும் நடுவே ஒரு தாள் நுழைய வேண்டும்.